இரண்டாவது படத்தோடு நின்ற வாசிப்பு

தலைமை உரை முதல் அமர்வின் நேரத்தை விழுங்கக் கூடாது. ஒரே ஒரு கட்டுரையைப் பற்றிப் பேசிவிட்டு அமர்கிறேன்.

மென்பொருள் பொறியியல் பாடநூல்கள் பலவற்றில் அந்தப் படிக்கட்டுப் படம் இருக்கும். தேவைகள், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, இயக்கம். பக்கத்தில் ‘ராய்ஸ், 1970’ என்ற குறிப்பு. இந்த வாட்டர்ஃபால் முறையை வகுத்தவர் வின்ஸ்டன் ராய்ஸ் என்று எழுதி மாணவர்கள் மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள்.

ராய்ஸ் விண்கலப் பணிகளுக்கான மென்பொருளில் ஊறியவர். 1970 ஆகஸ்டில் வெஸ்கான் மாநாட்டில் அவர் அளித்த கட்டுரையில் பத்துப் படங்கள். நாம் பார்த்துப் பழகியது இரண்டாவது. அதைப் போட்ட கையோடு, இதை இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை நாமே அழைத்துக்கொள்வதாகும் என்கிறார். நினைவகம் போதுமா, நேரத்துக்குள் ஓடி முடியுமா என்பதெல்லாம் உருவாக்கத்தின் கடைசியில் வரும் சோதனையில்தான் முதன்முதலாக நேரில் தெரியவருகிறது. அங்கே இடறினால் வடிவமைப்பையே, சில நேரம் தேவைகளையே திருத்த வேண்டும். செலவும் காலமும் இரட்டிப்பாகலாம். பின்னால் வரும் படங்களில் பெரும்பாலானவை இதற்கான பரிகாரங்கள். அவற்றுள் ஒன்று, ஒரு முறைக்கு இரு முறை கட்டுவது: 30 மாத வேலையென்றால் 10 மாதத்தில் ஒரு முன்மாதிரியைக் கட்டிப் பார்த்துவிடு என்கிறார்.

இதைக் கேட்டு, சிறுசிறு சுற்றுகளாகக் கட்டும் அஜைல் முறையின் அன்பர்கள் அவரைத் தம் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். 50 லட்சம் டாலர் வன்பொருள் வாங்க 30 பக்க விவரக்குறிப்பு போதும், அதே விலைக்கு மென்பொருள் என்றால் 1,500 பக்கம் வேண்டும் என்று கணக்குச் சொன்னவரும் இவரே. ஆவணம் ஆவணம் என்று உயிரை வாங்கிய மனிதர்!

பிறகு நடந்தது தெரிந்ததே. 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2167 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. நடைமுறையில் அது படிக்கட்டுப் படத்தையே ஒப்பந்த விதியாக்கியது. இரண்டே ஆண்டில், அத்துறைக்காக ஃபிரெட் புரூக்ஸ் தலைமையில் அமைந்த குழு இந்தப் போக்கைக் குறை சொன்னது. ஆனாலும் 498 என்ற புதிய தரநிலை வர 1994 டிசம்பர் ஆயிற்று. ஒரு படம் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குப் பொறியியல் காரணம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. கணக்குப் பிரிவின் காரணம் உண்டு. படிக்கு ஓர் ஆவணம், ஆவணத்துக்கு ஒரு கையெழுத்து, கையெழுத்துக்கு ஒரு தவணை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் வசதியான ஏற்பாடு. வாங்குபவர் பாதி வழியில் மனம் மாறினால் அது கூடுதல் கட்டணம்.

இந்த இரண்டு நாளில் கட்டுரை படிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேற்கோள் பட்டியலில் ராய்ஸ் இருந்தால், இன்றிரவே அந்தக் கட்டுரையைக் கடைசிப் படம்வரை படித்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். படிக்க நேரமில்லையென்றால் அவர் பெயரை எடுத்துவிட்டு மேடையேறுங்கள். முதல் அமர்வின் பேச்சாளரை அழைக்கிறேன்.