பறக்கும் கமராவும் மலைச்சரிவும்



வானத்தினின்று நிலத்தைப் படம்பிடிக்கும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1858ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துப் புகைப்படக்காரர் நதார், பலூனில் ஏறிப் பாரிசு நகருக்கு அருகே படம் எடுத்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் நொய்புரொன்னர் என்னும் மருந்தாளர், புறாக்களின் மார்பிலே சிறு கமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். புறாவிடம் ‘சற்றே நில்’ என்று சொல்ல இயலாது. இன்றைய ட்ரோனோ சொன்ன இடத்தில் நிற்கின்றது. எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியவர் மட்டும் இன்னமும் தரையிலேதான் இருக்கின்றார்.

கேகாலை மாவட்டத்துத் தெரணியகலையை எடுத்துக்கொள்வோம். சீதாவக்கை ஆறு ஓடும் பள்ளத்தாக்கு; இருமருங்கும் றப்பரும் தேயிலையும். இங்கே ட்ரோனைக் கொண்டுவருவோர் முதலிற் செய்வது, இயன்ற உயரத்துக்கு அதை ஏற்றிவிடுவது. கிடைப்பது பச்சைப் பாய் விரித்தாற்போன்ற ஒரு படம். சிறிய ட்ரோன்களின் வில்லை அகலப்பார்வை உடையது. தொலைவில் உள்ளதை மேலும் சிறிதாக்கிவிடும். ஆகையால் தாழ்ந்து வரவேண்டும். கமராவைச் சற்றே சாய்க்கவேண்டும். தேயிலை நிரைகளுக்கிடையே வளைந்து செல்லும் பாதையோ, லயத்தின் தகரக்கூரையோ படத்தில் இருந்தால்தான் பார்ப்பவருக்கு அளவு விளங்கும்.

அடுத்தது வெளிச்சம். கிழக்கே மலை உயர்ந்திருப்பதால் பள்ளத்தாக்கிற்கு வெயில் பிந்தியே வரும். பனிமூட்டம் கலைந்து, சாய்ந்த கதிர் சரிவிலே படும்போது ஒவ்வொரு நிரையும் தன் நிழலை விழுத்தும். அந்தச் சிறுபொழுதே நல்ல பொழுது. உச்சிவெயிலில் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். வெண்பனியும் கருங்காடும் ஒரே காட்சியில் வருமானால், ஒளியளவை மாற்றி மூன்று படங்களை அடுத்தடுத்து எடுத்துப் பின்னர் இணைப்பது உத்தமம்.

மலைநாட்டில் மறக்கலாகாத ஓர் ஆபத்தும் உண்டு. கருவி காட்டும் உயரம், புறப்பட்ட இடத்தினின்று கணக்கிடப்படுவது. கீழேயுள்ள நிலத்தினின்று அன்று. ஆற்றங்கரையில் ஏற்றி 60 மீற்றர் என்று நம்பி மலையை நோக்கிச் செலுத்தினால், நிலம் மேலெழுந்து வந்து மரக்கிளையிலே மோதவைக்கும். குளவிக்கூடு தொங்கும் மரத்தை அணுகவே கூடாது. கூடு கலைந்தால் கொட்டு வாங்குவோர் கீழே கொழுந்து பறிப்பவர்கள் அல்லவா?

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு அமைதல் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. அதற்கு நிகராக, லயத்து மக்களிடமும் கேட்டல் வேண்டும். பீலியிலே பெண்கள் குளிக்கும் வேளையில் தலைக்குமேல் இரைந்துகொண்டு நிற்கும் கமராவை எந்த அழகின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

இத்தனை முயற்சியும் நாட்காட்டிப் படத்துக்கு மாத்திரந்தானா? 2016ஆம் ஆண்டு மே மாதப் பெருமழையில், இதே மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் லயத்தின்மேல் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. லயங்களுக்கு மேலே நிற்கும் சரிவைப் பருவமழைக்கு முன்னும் பின்னும், ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே சாய்விலே படமெடுத்து வைத்தால், புதிதாய்த் தோன்றிய மண்வடுவும் திசைமாறிய நீரோட்டமும் ஒப்பிட்ட மாத்திரத்தே புலப்படும். இடத்தையும் உயரத்தையும் ஒரு கொப்பியிலே குறித்துவைத்தல் அவசியம்; அடுத்த முறை வேறொருவர் வந்தாலும் அதே இடத்தில் நிறுத்தலாம்.

இவ்வகைப் படத்துக்குச் சாய்ந்த வெயில் உதவாது; நிழல் வடுவை மறைத்துவிடும். மெல்லிய மேகம் மூடிய வானமே நன்று. தேயிலைச் செடிக்கு அடியில் ஓடும் வெடிப்பு வானத்துக்குத் தெரியாது. அதைக் காண நடந்துதான் போகவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து அலுவலரிடம் முறையிடச் செல்வோர், நேர்மேலிருந்து எடுத்த படத்தை மாத்திரம் கொண்டுபோனால் போதாது. மேலிருந்து பார்த்தால் செங்குத்தும் சமதரையாகவே தோன்றும். பக்கவாட்டில், லயத்தின் மட்டத்துக்கு இறங்கிவந்து எடுத்த ஒரு படமும் வேண்டும். மலை எவ்வளவு செங்குத்தாய் நிற்கின்றது, கூரை அதன் அடிவாரத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கின்றது என்பதை அந்த ஒரு படம் காட்டிவிடும்.