தாய்ப்பலகை தேடிய கதை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசைக்கும் நாட்டியத்துக்கும் இடையே கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்திருக்கிறார். சமையற் கூடத்திலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருக்கும் இவ்வேளையில் நீண்ட பேச்சு ஆகாது என்பதை நாங்கள் அறிவோம். எனினும் நம் சங்கக் கணிப்பொறிக்கு நேர்ந்ததையும், அதனால் நாங்கள் மூவர் கற்றதையும் உங்கள் முன் வைப்பது கடமையாகிறது. உங்களிற் பலர் இப்போது வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்பவர்கள். எங்கள் அனுபவம் உங்களுக்கும் பயன்படலாம்.

நம் சங்கத்துக்குத் தனி அலுவலகம் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. பொருளாளர் இல்லத்து முன்னறையே அலுவலகம். பகலில் அங்கே சந்தாக் கணக்கு. மாலையில் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு. இரவில் பொருளாளரின் தாயார் படுத்துறங்கும் இடமும் அதுவே. அந்த அறையின் மூலையிலே, ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பழைய கணிப்பொறி பல்லாண்டு உழைத்து வந்தது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், தில்லியின் அனற்காற்று வீசிய நாளொன்றில், அது தானே அணைந்து தானே எழத் தொடங்கியது. ஒரு வாரத்தில் அடியோடு நின்றது.

அதனுள்ளே பதினோராண்டுத் தமிழ் வகுப்புப் பதிவேடு இருந்தது. அதனினும் பெரிது ஒன்று இருந்தது. நம் மூத்தோர் இத்தலைநகருக்கு வந்து குடியேறிய வரலாற்றை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிய நாற்பது பக்கங்கள். சொன்னவர்களில் மூவர் இன்று நம்மிடையே இல்லை. வேறு படி எங்கும் எடுத்து வைக்கப்படவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். கடைக்காரர்கள் மதர்போர்டு என்று சொல்லும் தாய்ப்பலகையின் மேல், பிராசசரை அடுத்து, சிறு உருளைகளாக நிற்கும் கப்பாசிட்டர்களில் நான்கின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறக் கசிவு. இவற்றின் உள்ளே திரவம் உண்டு. வெப்பத்தில் அது மெல்ல மெல்ல வற்றும். வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது மின்னணுத் தொழிலார் கையாளும் பொதுக் கணக்கு. அப்படியானால் நம் ஊர்க் கோடை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். 1999ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள், குறைபாடுள்ள கப்பாசிட்டர்களால் உலகெங்கும் இலட்சக்கணக்கான பலகைகள் இவ்வாறே மாண்டன. அதன் பின்னரே, திரவமின்றித் திடப்பொருள் கொண்ட கப்பாசிட்டர்கள் பலகைகளில் பரவலாயின. அவற்றின் தலையிலே பிளவுக் கோடு இராது. தட்டையாக, உலோகப் பளபளப்புடன் இருக்கும். கடையிலே கண்ணாலேயே அறியலாம்.

நல்வாய்ப்பாக, மாண்டது பலகையே. வட்டு உயிருடன் இருந்தது. அதை வேறொரு கணிப்பொறியில் பொருத்தி நாற்பது பக்கங்களையும் மீட்டோம். அன்று மாலை பொருளாளர் இல்லத்தில் அனைவருக்கும் கேசரி கிடைத்தது.

இனித்தான் எங்கள் பிழை. ஆண்டு விழா நெருங்குகிறதே என்ற அவசரத்தில், ஒரு கடைக்காரர் காட்டிய பலகையை அப்படியே வாங்கினோம். விளையாட்டுப் பிரியர்களுக்கென்று செய்த விலையுயர்ந்த பலகை. ஒருவர் பயன்படுத்தி விற்றது. எக்ஸ்570 என்னும் சிப்செட் கொண்டது. 2019இல் வந்த அந்தச் சிப்செட் மிகுதியாகச் சூடேறுவதால், அவ்வகைப் பலகைகளிற் பெரும்பாலானவற்றில் அதன் மேலேயே ஒரு சிறு விசிறி அமைந்திருக்கும். சிறு விசிறி வேண்டிய காற்றைத் தள்ள வேண்டுமானால் வேகமாகச் சுழன்றே ஆக வேண்டும். வேகமாகச் சுழன்றால் கீச்சிடும். முதல் இரவே பொருளாளரின் தாயார் எழுந்து உட்கார்ந்து, “ராத்திரியில் யாருடா மாவு அரைக்கிறது?” என்று கேட்டார். எண்பத்தாறு வயதில் அவருக்குக் காது மந்தம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்!

தீபாவளிக்குள் தூசி புகுந்து அவ்விசிறி நின்றுவிட்டது; கணிப்பொறியும் வேலைக்கு நடுவே உறைந்து நிற்கத் தொடங்கியது. கடைக்காரரிடம் போனோம். பற்றுச்சீட்டில் வரிசை எண் எழுதப்படவில்லை, ஆகவே உத்தரவாதம் இல்லை என்று கையை விரித்தார். உறுப்பினர் சந்தாப் பணம் அது. அந்தச் செலவைப் பொதுக்குழுவில் எழுந்து நின்று சொன்ன நாளை நாங்கள் மறக்கமாட்டோம்.

ஆகவே இம்முறை, வாங்குவதற்கு முன் ஒரு மாதம் படித்தோம். பிறகே நேரு பிளேஸுக்குச் சென்றோம். எங்களிடம் இருந்த பிராசசர், அறுபத்தைந்து வாட் அளவுள்ள ரைசன் 5 5600ஜி. படம் காட்டும் திறன் அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. கணக்கும் கடிதமும் எழுதுவோருக்குத் தனியே கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. அதனுடைய விசிறியும் ஒழிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. பலகையின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது என்பதாலேயே படம் வந்துவிடாது. இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின்னே ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதற்குள் படம் காட்டும் உறுப்பு இல்லை. பலகையின் துளை வெறுந்துளையே.

இந்தப் பிராசசர் அமரும் ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2020இல் வந்த பி550 சிப்செட்டைத் தேர்ந்தோம். அதற்கு விசிறி தேவையில்லை. ஒரு தட்டை உலோகத் தகடே போதும். அளவில் மைக்ரோ ஏடிஎக்ஸ், அதாவது பக்கத்துக்கு 244 மில்லிமீட்டர். அதனினும் சிறிய, 170 மில்லிமீட்டரே உள்ள மினி ஐடிஎக்ஸ் அழகானதுதான். ஆனால் விலை கூடுதல், உள்ளே காற்றுக்கு இடமும் குறைவு. கைக்கு அடக்கமானதெல்லாம் வீட்டுக்கு அடக்கமானதாகாது.

பலகையில் நாங்கள் முதலில் பார்த்தது, பிராசசருக்கு மின்சாரம் ஊட்டும் பகுதியைத்தான். மின்வழங்கியிலிருந்து வரும் பன்னிரண்டு வோல்ட்டைப் பிராசசர் ஏற்கும் ஏறக்குறைய ஒரு வோல்ட்டுக்கு இறக்குவது இப்பகுதி. அந்த இறக்கத்தில் வெப்பம் பிறக்கிறது. மலிவான பலகைகளில் இது மொட்டையாக இருக்கும். குளிர்ந்த ஊரில் அதனால் குற்றமில்லை. வெளியே 45 பாகை எரியும் ஊரில், அதன் மேல் உலோகக் கவசம் உள்ள பலகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவன்று.

அமைதி என்பது விசிறியில் மட்டும் இல்லை. விசிறியை ஆளும் பலகையிலும் இருக்கிறது. நான்கு கம்பி உள்ள விசிறிக்குப் பலகை துடிப்பு அனுப்பி வேகத்தைக் கட்டுப்படுத்தும். மூன்று கம்பி உள்ளதற்கு வோல்ட்டைக் குறைத்துத்தான் கட்டுப்படுத்த வேண்டும். எல்லா இணைப்புகளிலும் இவ்விரண்டையும் செய்யவல்ல பலகையா என்பதைக் கையேட்டில் பார்த்து வாங்கினோம். பிறகு பயாஸ் திரையில், ஐம்பது பாகை வரை விசிறி மெல்லச் சுழலவும், எழுபத்தைந்தை நெருங்கும்போதே விரையவும் வரம்பிட்டோம். வெப்பம் ஒரு நொடி ஏறி இறங்குவதற்கெல்லாம் விசிறியும் ஏறி இறங்கினால், அதுவே சீரான ஓசையைவிடத் தொல்லை. ஆகவே சில நொடி தாமதித்து வேகம் மாற்றுமாறும் குறித்தோம். 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டே இரண்டு. சுழலும் வட்டுக்கு மாற்றாக அசையும் உறுப்பே இல்லாத எம்.2 நினைவுத் தகடு. இப்போது அந்த அறையில் கேட்பது சுவர்க் கடிகாரம்தான்.

இன்னொன்று. பி550 பலகைகள் விற்பனைக்கு வந்தபோது 5600ஜி பிறக்கவில்லை. அது 2021இல் வந்தது. நெடுநாள் அலமாரியில் கிடந்த பலகையின் பயாஸ் பழையதானால் பிராசசரை அடையாளம் காணாது. திரை இருண்டே கிடக்கும். ஆதலின் பிராசசர் இல்லாமலே பயாஸை மாற்றும் பொத்தான் உள்ள பலகையை எடுத்தோம். பயாஸ் மாற்றும்போது மின்சாரம் போனால் பலகை செயலிழக்கக்கூடும். அப்பொழுதும் இப்பொத்தான் காக்கும். யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டா.

2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்குப் பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் காப்பு, இத்தகைய பலகைகளின் பயாஸிலேயே உண்டு. அணைந்திருந்தால் இயக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. முற்றும் புதிதாகத் தொடங்குவோர் ஏஎம்5 அல்லது இன்டெல் பலகைகளைப் பார்க்கலாம். ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். இவ்விரு வகையிலும் மெல்லிய ஊசிகள் பலகையின் சாக்கெட்டிலே இருக்கின்றன. அவை வளைந்திருந்தால் உத்தரவாதம் பேசாது. கடை மேசையிலேயே மூடியைத் திறந்து, விளக்கொளியில் பார்த்து வாங்குக.

பூட்டி முடித்தபின் மெம்டெஸ்ட்86+ என்னும் சோதனையை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டோம். தாயார் எழுந்திருக்கவில்லை. காலையில் அவர், “மிஷினைத் திருப்பிக் கொடுத்துட்டேளா?” என்று மகனைக் கேட்டாராம்.

நாற்பது பக்கங்களுக்கும் இப்போது மூன்று படிகள் உள்ளன. ஒன்று செயலாளர் வீட்டில். பலகை வந்த பெட்டியும், வரிசை எண்ணை எங்கள் கண் முன்னே எழுதி வாங்கிய பற்றுச்சீட்டும் சங்க அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. சாவி பொருளாளரிடம்.