இரும்பை ஒட்டுமுன் ஓர் ஒத்திகை

(புளியங்குளத்தில் நடைபெற்ற நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவேன் என்று எண்ணித்தான் நிகழ்ச்சி நிரலில் என் பெயரைப் போட்டிருப்பார்கள். வைத்தியரைக் கூப்பிட்டால் வேறென்ன பேசுவார்? அவற்றைப் பிறகு தனியாக வந்து கேளுங்கள், சொல்கிறேன். இப்போது நான் பேச வந்தது வெல்டிங் பற்றி. இரும்பை உருக்கி ஒட்டும் அந்த வேலையை, ஒட்டுவதற்கு முன்பே கணினியில் ஒத்திகை பார்க்கும் ஒரு கலை இருக்கிறது. அதைப் பற்றி.

எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டு சம்பந்தம் உண்டு. என் சின்னையா ஏ-9 வீதியோரம் ஒட்டுப் பட்டறை வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் ஊரில் மின்சாரம் இல்லை. ஜெனரேற்றர் ஓடும்போதுதான் வேலை. கேற், யன்னல் கிறில், உழவு இயந்திரப் பெட்டி, முறிந்த சைக்கிள் பிரேம் எல்லாம் அங்கே வரும். இரண்டாவது, நான் இன்று கதிரியல் மருத்துவர். கல்லீரலில் உள்ள சில கட்டிகளை வெட்டாமல், ஊசி ஒன்றை உள்ளே செலுத்திச் சூடாக்கி அழிக்கிறோம். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு சூடு பரவும் என்று கணிக்கும் சமன்பாடும், சின்னையாவின் கேற் மூலையில் சூடு பரவுவதைக் கணிக்கும் சமன்பாடும் ஒரே குடும்பம்.

சின்னையா ஒரு கேற்றை எப்படி ஒட்டுவார் என்று சொல்கிறேன். நாலு மூலையையும் முதலில் பொட்டுப் பொட்டாக ஒட்டி நிறுத்துவார். பிறகு ஒரு மூலையில் கொஞ்சம், அதற்கு எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாறி மாறிப் போவார். ஒரே பக்கத்தில் தொடங்கி முடிக்கவே மாட்டார். சில சட்டங்களை வேண்டுமென்றே ஒரு நூல் எதிர்ப்பக்கம் வளைத்து வைத்து ஒட்டுவார். ஆறியதும் அது நேராக வந்து நிற்கும். ஏன் என்று கேட்டால், "இரும்பு இழுக்கும் பிள்ளை" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

இரும்பு ஏன் இழுக்கிறது? மென்னுருக்கு ஏறக்குறைய 1500 பாகை செல்சியஸில் உருகும். றொட்டின் நுனியில் பொறி எரியும் இடத்தில் இரும்பு உருகிக் கிடக்க, ஒரு சாண் தள்ளிக் கைவைத்தால் தாங்கக்கூடிய சூடுதான். சூடான பகுதி விரிய முயல்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடுவதில்லை. விரிய இடமில்லாத சூட்டு இரும்பு தனக்குள்ளேயே நசுங்குகிறது. அசையாமல் இறுகப் பிடித்த மென்னுருக்கு, ஏறக்குறைய 100 பாகை சூடேறினாலே நிரந்தரமாக நசுங்கத் தொடங்கிவிடும். பிறகு ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. அப்போதும் சுற்றியுள்ள இரும்பு விடுவதில்லை. ஆக, ஒட்டு ஆறி முடிந்த பின்னும் உள்ளே ஒரு இழுவை நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. சட்டம் மெல்லியதாக இருந்தால் கோணும். தடித்ததாக இருந்தால் கோணாது; ஆனால் இழுவை உள்ளேயே இருக்கும். தீக்காயம் ஆறிய பிறகு தழும்பு சுருங்கி முழங்கையை மடக்கி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே கதைதான். தழும்பைக் கண்ணால் பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது என்பதுதான் வித்தியாசம்.

பார்க்க முடியாதது எவ்வளவு பெரிய விடயம்? 1980 மார்ச் 27 அன்று நோர்வேக்கு அப்பால் வடகடலில் அலெக்சாண்டர் கீலன்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். மேடையின் காலைத் தாங்கிய குழாய் ஒன்றில் ஒரு சிறு கருவியைப் பொருத்துவதற்காகப் போட்ட 6 மில்லிமீற்றர் ஒட்டிலிருந்துதான் வெடிப்புத் தொடங்கியது என்று விசாரணையில் கண்டார்கள். மேடையின் பாரத்தைச் சுமக்கும் ஒட்டுக்கூட அல்ல அது. யாரும் பெரிதாக எண்ணியிராத ஒட்டு.

எல்லாப் பழியையும் ஒட்டின் தலையில் போடவும் கூடாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் தறையாணிகளை விட்டுவிட்டு, தகடுகளை ஒட்டி அவசரமாகக் கப்பல்கள் கட்டினார்கள். 1943 ஜனவரியில் ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், அமைதியான தண்ணீரில் துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. ஒட்டியவர்கள்தான் பிழை என்று பலர் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த உலோகவியலாளர் கொன்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி, இத்தகைய கப்பல்களின் உருக்கே குளிரில் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை கொண்டது என்று பரிசோதனையால் நிறுவினார். (எங்கள் வீதியில் மணல் ஏற்றி ஓடும் டிப்பருக்கும் அவருக்கும் தொடர்பில்லை.) ஒட்டு செய்தது வேறு. தறையாணி அடித்த கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டின் ஓரத்தோடு நிற்கக்கூடும். ஒட்டிய கப்பலில் அடுத்த தகட்டுக்குத் தடையில்லாமல் ஓடியது. அந்த அம்மையார் 101 வயது வரை வாழ்ந்து 1995 இல் காலமானார். தங்கைமார் அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒத்திகைக்கு வருகிறேன். இயற்கையின் இந்தக் கணக்கைக் கணினி எப்படிப் போடுகிறது?

வயலை நினையுங்கள். மதகு திறந்ததும் தண்ணீர் முதல் வயலுக்குப் பாய்கிறது, அங்கிருந்து வரம்பு வாயால் அடுத்ததற்கு, பிறகு அதற்கடுத்ததற்கு. ஒவ்வொரு வயலின் நீர்மட்டமும் அதன் அயல் வயல்களின் மட்டத்தைப் பொறுத்தது. பத்து நிமிடம் கழித்து எந்த வயலில் எவ்வளவு நிற்கும் என்று அறிய, முழுக் குளத்துக்கும் ஒரு பெரிய சூத்திரம் தேவையில்லை. ஒவ்வொரு வயலையும் அதன் அயலோடு மட்டும் ஒப்பிட்டால் போதும், திரும்பத் திரும்ப. இரும்பையும் அப்படித்தான் சின்னஞ்சிறு துண்டுகளாக மனதால் வெட்டுகிறோம். ஒட்டுக்குக் கிட்ட மில்லிமீற்றர் அளவில், தள்ளிப் போகப் போகப் பெரிதாக. ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டிடமிருந்து இந்தக் கணத்தில் எவ்வளவு சூடு வாங்கியது, எவ்வளவு கொடுத்தது என்று கணக்கிட்டு, அடுத்த கணத்துக்குப் போகிறோம். சூடு தெரிந்தால் விரிவு தெரியும், விரிவு தெரிந்தால் இழுவை தெரியும். கையால் போட்டால் ஒரு ஆயுள் போதாது. கணினிக்குச் சலிப்பில்லை.

கடினம் எங்கே என்றால், மதகில். சூட்டை எப்படி உள்ளே விடுவது? டானியல் ரொசென்தால் என்பவர் 1941 இல் வெளியிட்ட கட்டுரையில், நகர்ந்து செல்லும் ஒரு புள்ளியிலிருந்து சூடு பரவுவதாக வைத்துக் காகிதத்திலேயே தீர்வு கண்டார். அழகான தீர்வு, தூரத்தில் நன்றாகப் பொருந்தும். ஆனால் அந்தப் புள்ளியிலேயே வெப்பநிலை முடிவிலி என்று விடை வரும். 1984 இல் கனடாவின் ஒட்டாவாவில் உள்ள கார்ள்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கோல்டாக்கும் அவருடன் இருந்தவர்களும், சூட்டைப் புள்ளியாக வைக்காமல் முட்டை வடிவில் பரப்பி வைத்தார்கள். முன்பாதி குறுகியது, பின்பாதி நீண்டது. உருகிய இரும்பு பொறிக்குப் பின்னால் வால் விட்டுப் போவதைக் கவனித்தவர்களுக்கு அது உடனே விளங்கும். இன்றும் உலகெங்கும் பாவிப்பது பெரும்பாலும் அந்த முட்டையைத்தான்.

சின்னையாவின் வேலையை வைத்தே எண் சொல்கிறேன். 100 அம்பியர், 25 வோல்ற் என்றால் 2500 வாற்று. அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் இரும்புக்குள் போகிறது என்று வைத்து, கை விநாடிக்கு இரண்டரை மில்லிமீற்றர் நகர்ந்தால், ஒட்டின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஏறக்குறைய 800 யூல். கையை மெதுவாக்கினால் சூடு கூடும், கோணலும் கூடும். மிக வேகமாக்கினாலோ விரைந்து குளிரும். 800 பாகையிலிருந்து 500 பாகைக்கு இறங்க எத்தனை விநாடி எடுக்கிறது என்பதில் இருக்கிறது உருக்கின் குணம். காபன் கூடிய உருக்கு மிக விரைந்து ஆறினால் கடினமாகி, உடையும் தன்மை பெறும். சூட்டோடு சூடாக ஒட்டின் மேல் தண்ணீர் ஊற்றாதே என்று பட்டறையில் ஏசுவது அதனால்தான்.

இனி என் தொழிலுக்கு ஒரு எட்டுப் போய்வருகிறேன். 1948 இல் ஹரி பென்ஸ் என்பவர், மனிதரின் முன்கையில் வெப்பநிலை அளந்து ஒரு சமன்பாடு எழுதினார். உலோகத்துக்கான வெப்பச் சமன்பாட்டோடு அவர் சேர்த்த முக்கியமான உறுப்பு, ஓடும் இரத்தம் சூட்டைச் சுமந்து செல்லும் என்பது. கல்லீரல் கட்டி ஒரு பெரிய இரத்தக் குழாயின் அருகே இருந்தால், நாங்கள் கொடுக்கும் சூட்டை இரத்தம் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கத்துப் புற்றுக்கலங்கள் தப்பிவிடலாம். திரையில் காட்டும் சிவப்பு வட்டத்தை நம்பி நான் ஊசியை எடுத்துவிட முடியாது. படம் எடுத்துப் பார்க்க வேண்டும். சூடு எத்தனை பாகை என்பது மட்டும் போதாது, எவ்வளவு நேரம் என்பதும் வேண்டும். தோலுக்கு 44 பாகையில் ஏறக்குறைய 6 மணி நேரம் செய்யும் சேதத்தை, 60 பாகை சில விநாடிகளில் செய்துவிடும் என்று 1947 இலேயே காட்டிவிட்டார்கள்.

இரும்பிலும் இதே ஒழுக்கம் வேண்டும். தமிழ்நாட்டில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில், அணு உலைக்கான துருப்பிடிக்காத உருக்கு ஒட்டுகளில் தங்கும் இழுவையைக் கணினியில் கணித்து, பிறகு எக்ஸ் கதிர் கொண்டு அளந்து ஒப்பிடுகிறார்கள். திருச்சிராப்பள்ளியில் ஒட்டுதலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. வண்ண வண்ணமாகப் படம் வந்துவிட்டது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. 1000 பாகையில் உருக்கின் பலம் என்ன என்ற எண்ணைத் தவறாகக் கொடுத்தால், கணினி மிக அழகான ஒரு தவறான விடையைத் தரும்.

நமது ஊருக்குக் கிட்ட வருவோம். 1956 முதல் யாழ்தேவி இந்த ஊரைக் கடந்து ஓடியது. பழைய தண்டவாளங்கள் துண்டு துண்டாக, இடைவெளி விட்டு, தகடு வைத்து முடுக்கியவை. நம் அம்மாமார் நினைவில் வைத்திருக்கும் 'தடக் தடக்' ஓசை அந்த இடைவெளியின் ஓசை. 1990 இல் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். 2013 செப்டெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை மறுபடி ஓடத் தொடங்கியது. உலகெங்கும் இப்போது தண்டவாளங்களை ஒட்டி நீளமாக்குகிறார்கள். அலுமினியத் தூளும் இரும்பொட்சைட்டும் எரிந்து உருகிய இரும்பைக் கொடுக்கும் தெர்மிற் முறை, ஹான்ஸ் கோல்ட்ஸ்மித் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் கண்டது. இடைவெளி இல்லாவிட்டால் வெயிலுக்கு விரிவது எங்கே போகும்? ஒரு கிலோமீற்றர் தண்டவாளம் 30 பாகை சூடேறினால், தடையில்லாவிட்டால் 36 சென்ரிமீற்றர் நீளும். நீள விடாமல் பிடித்து வைத்திருக்கிறோம். மீற்றருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் என்றால், உள்ளே ஏறக்குறைய 55 தொன் அளவு நெருக்கும் விசை. வன்னி வெயிலில் ஒவ்வொரு நண்பகலும். ஒட்டுகள் சூட்டையும் தாங்க வேண்டும், குளிரையும் தாங்க வேண்டும்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு நாட்டில் 2013 இல் தொடங்கியது. பிள்ளைகள் அதைத் தெரிவு செய்ய வரும்போது, "பொம்பிளைப் பிள்ளைக்கு இரும்பு வேலை எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடமும் வந்து, "டொக்டர், நீங்கள் சொன்னால் கேட்பாள், வேறு பாடம் எடுக்கச் சொல்லுங்கோ" என்று தாய்மார் கேட்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சின்னையாவின் பட்டறைக்குள் நான் போகலாம், பார்க்கலாம். றொட்டைத் தொட விடமாட்டார்கள். அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விட்டது, ஏனென்றால் அது அவர் கையில் இருந்தது, தாளில் இல்லை. கணக்கில் எழுதிய அறிவு யார் கைக்கும் வரும். இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது எட்டாத உயரமில்லை.

பெருங்காசும் தேவையில்லை. கல்குலிக்ஸ், கோட் ஆஸ்டர் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. முதலாவது ஜேர்மனியில் உருவானது, இரண்டாவது பிரான்சின் மின்சார நிறுவனம் தன் தேவைக்கு உருவாக்கி உலகுக்குக் கொடுத்தது. இரண்டு நல்ல மடிக்கணினிகள், நாலைந்து வெப்ப இணைக் கம்பிகள், இரும்புத் துண்டுகள், கண்ணுக்குச் சரியான முகமூடி. முகமூடியை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். வெறுங்கண்ணால் பொறியைப் பார்த்துவிட்டு, நடுச்சாமத்தில் கண்ணில் மணல் கொட்டியது போல் அரற்றிக்கொண்டு வருபவர்களை நான் வைத்தியசாலையில் கண்டிருக்கிறேன். தாய்ப்பாலும் வேண்டாம், உருளைக்கிழங்கும் வேண்டாம். நேரே கண் பிரிவுக்கு வாருங்கள்.

நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை வாசலில் வளைவும் புதிய கேற்றும் அமைப்பதாகச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. சில அக்காமார் அந்தக் காசை வேறு எதற்காவது பாவிக்கலாம் என்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் இல்லை. கேற் வரட்டும். ஆனால் அதை எந்த ஒழுங்கில் ஒட்டினால் ஆகக் குறைவாகக் கோணும் என்று உயர்தரப் பிள்ளைகள் முதலில் கணினியில் பார்க்கட்டும். மூன்று ஒழுங்குகளைக் கணித்து, விடைகளைத் திகதியிட்டு அதிபரிடம் உறையில் கொடுக்கட்டும். பிறகு ஊர்ப் பட்டறையில் வேலை தெரிந்த ஒரு அண்ணை தன் வழியில் ஒட்டட்டும். பிள்ளைகள் மூலைக்கு மூலை நூல் பிடித்து அளக்கட்டும். மடிக்கணினிகளுக்கான செலவை என் வகுப்புத் தோழிகள் ஆறு பேரும் நானும் பொறுப்பேற்றுள்ளோம். வெப்ப இணைகள் ஏற்கெனவே வாங்கியாயிற்று. விழா முடிந்ததும் ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைப்பேன். விருப்பமுள்ள தங்கைமார் அவரிடம் பெயர் கொடுங்கள்.