ஒருவர் கை, ஓர் இடம்



பாரிசில் ரோதின் என்ற சிற்பிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. நம் நாட்டில் அப்படி ஓர் இடம் சண்டிகரில் இருக்கிறது, ராக் கார்டன் என்று பெயர். அதை உருவாக்கிய நேக் சந்த் சிற்பம் படித்தவர் அல்லர். அரசாங்கத்தில் சாலை ஆய்வாளர்.

பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்த மனிதர். சண்டிகரைக் கட்டுவதற்காகப் பழைய கிராமங்களை இடித்தபோது, அந்த இடிபாடுகளை அவர் சைக்கிளில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோனார். பகலில் உத்தியோகம், பொழுது சாய்ந்தால் காடு. இப்படியே சுமார் 18 வருடம், யாருக்கும் தெரியாமல்! அவர் செய்த ஒரு பெண் உருவத்தைச் சொல்கிறேன். உள்ளே இரும்புக் கம்பி, மேலே சிமெண்ட். ஈரம் காய்வதற்குள் உடைந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொரு துண்டாக அழுத்திப் பதித்து, அவளுக்குப் பாவாடை கட்டிவிட்டிருக்கிறார்.

அது கட்டடமே எழுப்பக் கூடாத அரசு நிலம். விஷயம் வெளியே வந்ததும் சட்டப்படி இடித்திருக்கலாம். இடிக்கவில்லை, ஐயா! 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் கொடுத்து, 50 ஆட்களையும் கொடுத்தார்கள். அந்த உத்தரவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. 2015இல் அவர் மறைந்தார். ராக் கார்டன் இருக்கிறது.

ஒருவர் செய்ததெல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தான் அந்தக் கை எங்கே தடுமாறியது, எங்கே தேறியது என்று நம் பிள்ளைகள் பார்க்க முடியும்.

நம் பக்கத்துக்கு வருவோம். வெம்பக்கோட்டை அகழாய்வில் சுடுமண் உருவங்கள் கிடைத்தன. செய்தவர் பெயர் இனித் தெரியப்போவதில்லை. ஆனால் நம் அய்யனார் கோயில் மண் குதிரைகளைச் செய்த வேளார்கள் நேற்றுவரை நம்மோடு இருந்தவர்கள். அவர்கள் பெயரையும் அல்லவா விட்டுக்கொண்டிருக்கிறோம்? குதிரைகளோ வெயிலிலும் மழையிலும் பொரிந்து உதிர்கின்றன.

விருதுநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் ஓர் அறை கேட்கிறேன். ஒரே ஒரு வேளாரின் முதல் குதிரையிலிருந்து கடைசிக் குதிரைவரை, அவர் பெயர் எழுதி வைப்பதற்கு. எந்தத் தோப்பில் நிற்கும் குதிரை யார் கைவேலை என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஊர்களில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் நோட்டும் பேனாவுமாகக் கிளம்புகிறேன். கூட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.