மலேசியப் படம் என்றால் யாருடைய படம்?

(நம் கட்சியின் கலை, பண்பாட்டுப் பிரிவு நடத்திய கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். படித்துவிட்டுப் பகிருங்கள்.)



சம்பளம், வீடு, குடியுரிமைன்னு பேசுற மேடையில சினிமாவுக்கு என்ன வேலைன்னு உங்கள்ல சிலர் நினைக்கலாம். வேலை இருக்கு. ஒரு நாடு தன்னை யார் என்று நினைக்கிறதோ, அதைத்தான் அதன் சினிமா காட்டுகிறது. அந்தத் திரையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது அரசியல் கேள்வி.

நம் நாட்டில் கூட்டம் சேர்க்கும் படங்கள் எவை? பேய்ப் படம், நகைச்சுவை, குண்டர் கும்பல் படம், சரித்திரப் படம், கார்ட்டூன் படம். முதலில் பேயையே எடுத்துக்குவோம். 1957இல் வந்த 'பொந்தியானாக்' மலாய்க்காரர்களின் நாட்டார் நம்பிக்கையில் பிறந்த கதை. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். தயாரித்தது சீன முதலாளிகளின் கேத்தே கெரிஸ் நிறுவனம். நடித்த மரியா மெனாடோ சுலாவெசியிலிருந்து வந்தவர். இதில் எந்த இனம் படத்துக்குச் சொந்தக்காரன்?

பேய்ப் படம் மட்டும் இல்லை. பி. ராம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன். நம்மவர். 'ஹங் துவா' (1956) படத்தை இயக்கியவர் வங்காளியான பணி மஜும்தார். மலாய் சினிமாவுக்கு அடித்தளம் போட்ட கைகளில் நம் கைகளும் உண்டு. இதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இப்போ 2016க்கு வாங்க. 28ஆவது மலேசியத் திரைப்பட விழா. மலாய் மொழிப் படங்களுக்கு ஒரு பிரிவு, மற்ற மொழிப் படங்களுக்குத் தனிப் பிரிவு என்று வைத்தார்கள். 'ஜகாட்' தமிழ்ப் படம், சரி. 'ஓலா போலா'வையும் தூக்கி அந்த இரண்டாவது பிரிவில் போட்டார்கள்! அது என்ன படம்? மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நம் தேசியக் கால்பந்துக் குழுவால் தூண்டப்பட்ட கதை. சீனத் தலைவர், மலாய் ஆட்டக்காரர், தமிழ் கோல் கீப்பர். மலேசியர்கள் நிஜமாகப் பேசுவது போலவே நாலு மொழியும் கலந்து பேசினார்கள். அதுதான் குற்றமாகிப் போச்சு.

அப்போது முதலில் குரல் கொடுத்தவர்களில் மலாய்க் கலைஞர்களே இருந்தார்கள். ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தான் வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். அஃப்லின் ஷௌக்கி விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். எதிர்ப்பு வலுத்ததும் சிறந்த மலேசியத் திரைப்பட விருதை எல்லா மொழிக்கும் திறந்துவிட்டார்கள். அதை வென்றது எது தெரியுமா? சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை.

இதை நன்றாகக் கவனியுங்கள். 'ஜகாட்'டும் ஒரு வகையில் குண்டர் கும்பல் படம்தான். வழக்கமான படத்தில் நம் பையன் அடியாளாக வருவான், ரெண்டு வசனம் பேசுவான், அடிபட்டு விழுவான். இந்தப் படம் அவன் ஏன் அங்கே போனான் என்று கேட்டது. தோட்டம் போச்சு, வேலை போச்சு, பள்ளியிலும் அடி, வீட்டிலும் அடி. குண்டர் படம் என்ற வகையில் தப்பில்லை. அதை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் இருக்கு.

சரித்திரப் படத்துக்கும் இதே கேள்விதான். 'மாட் கிலாவ்' 2022இல் 9 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வசூலித்தது. பிரிட்டிஷாரை எதிர்த்த வீரனைக் கொண்டாடுவோம், தவறில்லை. ஆனால் மற்ற இனத்தவர் திரையில் எதிரிப் பக்கத்தில் மட்டுமே தெரிந்தால், அதைப் பார்த்து வளரும் பிள்ளை என்ன நினைக்கும்?

நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கு. 'உப்பின் இப்பின்' கார்ட்டூனில் மெய் மெய், ஜர்ஜிட், ராஜு, முத்து மாமா எல்லாரும் ஒரே கம்பத்தில் இருக்கிறார்கள். யாரும் அங்கே விருந்தாளி இல்லை. ஆறு வயசுப் பிள்ளைக்குப் புரிவது அதிகாரிகளுக்கு ஏன் புரியவில்லை?

ஆகவே நாம் கேட்பது மூன்று.

1. விருதிலும் மானியத்திலும் மொழியை வைத்துப் படங்களைப் பிரிக்காதீர்கள். இங்கே எடுத்த படம் மலேசியப் படம். தேசிய மொழியை வளர்க்கத் தனி விருது இருக்கட்டும், அதற்கு நாம் எதிரியில்லை.

2. உள்ளூர்ப் படங்களுக்கான கட்டாயத் திரையிடல் விதியைத் தமிழ்ப் படங்களுக்கும் ஒழுங்காக நடைமுறைப்படுத்துங்கள். வேலை நாள் மதியக் காட்சியைக் கொடுத்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று சொல்லக்கூடாது.

3. 1981 முதல் இயங்கும் ஃபினாஸின் முடிவெடுக்கும் குழுக்களில் எல்லா மொழிக் கலைஞர்களும் உட்காரட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. சென்னைப் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்கு ஓடுகிறோம். 'வெடிகுண்டு பசங்க', 'கீதையின் ராதை' போன்ற நம் படங்களுக்கு எத்தனை பேர் டிக்கெட் எடுத்தோம்? அடுத்த உள்ளூர்த் தமிழ்ப் படம் வரும்போது முதல் வாரத்திலேயே போங்க. பக்கத்து வீட்டு மலாய்க்கார, சீன நண்பரையும் கூட்டிட்டுப் போங்க. அடியில் மலாய் எழுத்து ஓடும், அவருக்கும் புரியும்.

உரிமையைக் கேட்போம். டிக்கெட்டையும் எடுப்போம்.



நீங்கள் தியேட்டரில் பார்த்த உள்ளூர்த் தமிழ்ப் படம் எது? கருத்துப் பகுதியில் எழுதுங்கள், தோழர்களே.

#எல்லாம்_மலேசியப்_படமே