நெசவாளரின் தோள்



சென்னிமலை என்றதும் முருகன் குன்றுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது கைத்தறிப் போர்வை. அவ்வூர்த் தறியைப் பற்றிப் பேசுவோர் பலர். தறியில் அமர்ந்திருப்பவரின் தோளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. இயன்முறை மருத்துவம் பயின்றவன் என்ற முறையில் அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஒவ்வோர் ஊடை இழைக்கும் கை ஒருமுறை நாடாக் கயிற்றைச் சுண்டி இழுக்கவேண்டும். அங்குலத்துக்கு 40 இழை என்று கொண்டால், ஒரு கெஜத் துணிக்கு 1,440 இழுப்பு! இவ்வாறு ஆண்டுக்கணக்கில் உழைத்த தோளில், கையை உயர்த்தும் தசைநாண் நைந்து வலி காண்பதுண்டு. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி வழியில் சுரீரென்று வலிக்கும். முழுவதும் உயர்ந்தபின் சற்றே தணியும். இரவில் அப்பக்கம் சாய்ந்து படுக்கவும் இயலாது.

தோளின் மேல்முகட்டு எலும்பு தசைநாணை நெருக்கி உராய்வதே இதற்குக் காரணம் என்று 1972-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் எழுதினார். அவ்வெலும்பின் அடிப்புறத்தைச் செதுக்கும் அறுவை சிகிச்சை அதன்பின் உலகெங்கும் பரவிற்று. ஆனால் இங்கிலாந்தில் 313 நோயாளரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2018-இல் லான்செட் இதழில் வெளிவந்தபோது, எலும்பைச் செதுக்கியதற்கும் செதுக்காமல் உள்ளே பார்த்துவிட்டு மூடியதற்கும் பயனில் வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. கடன்பட்டுக் கத்தியை நாடுமுன் நெசவாளர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

மற்றோர் ஐயமும் அவர்களுக்கு உண்டு. நெய்தால்தான் கூலி, பயிற்சிக்கென்று நாள்தோறும் ஈரோட்டுக்குப் பேருந்தேற எவரால் முடியும்? இதற்கும் விடை கிடைத்திருக்கிறது. 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 708 பேருள் ஒரு சாரார் ஆறு முறை வரை நேரில் பயிற்சி பெற்றனர். மறு சாரார் ஒரே ஒரு முறை நன்கு கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்தனர். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர்.

வீட்டில் செய்வதோ எளியது. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் அறுத்துக் கதவுக் கொண்டியில் கட்டுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை மெல்ல வெளிப்புறம் இழுங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை போதும். வலி சிறிது இருந்தால் அஞ்சவேண்டுவதில்லை. மறுநாட் காலையிலும் மிகுந்திருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூன்று மாதமேனும் விடாமல் செய்யவேண்டும். பத்து நாளில் குணமாகவில்லை என்று கைவிடுவோரே மிகுதி! தறியை அறவே நிறுத்தவேண்டுவதில்லை. கயிற்றின் பிடி தோளுக்கு மேல் தொங்கினால் தாழ்த்திக் கட்டுங்கள். இடையிடையே எழுந்து நில்லுங்கள்.

கீழே விழுந்தபின் கையைத் தூக்கவே முடியவில்லை என்றாலும், நீரிழிவு உள்ளவருக்குப் பிறர் தூக்கினாலும் கை அசையாது இறுகிவிட்டாலும், அவை வேறு நோய்கள். அவற்றுக்கு இப்பயிற்சியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.