சொன்னவர் யார்? கண்ட இடம் எது?

(மன்றத்தின் ஆண்டுவிழாவில் மாணவ உறுப்பினர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற உரை)

பாடசாலைக் கட்டுரையில் இணையத்தைச் சான்று காட்டுவது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது மாணாக்கர்க்கு மட்டும் உரிய சிறு விஷயம் என்று பெரியோர் எண்ணிவிட வேண்டாம். நம் கரையோர ஊர்களின் வரலாறு நாளை எவ்வாறு எழுதப்படும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

உடப்பிலோ சிலாபத்திலோ கற்பிட்டியிலோ கல்வி பயிலும் ஒரு பிள்ளைக்கு முன்னேஸ்வரத்தைப் பற்றி ஓர் ஒப்படை தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியில் தேடிய மாத்திரத்தில் பக்கங்கள் வந்து குவிகின்றன. இராமபிரான் வழிபட்ட தலம் என்கிறது ஒன்று. போர்த்துக்கேயர் 1578 இல் இடித்தனர் என்கிறது மற்றொன்று. கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753 இல் புதுப்பித்தான் என்கிறது வேறொன்று. ஆறாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு அங்கே உண்டு என்கிறது இன்னொன்று. முதலாவது ஐதிகம், போற்றுதற்குரியது. இறுதியாகச் சொன்னது கல்லிலே பொறித்த சான்று. இரண்டும் ஒரே தராசிலே நிறுக்கத் தக்கவை அல்ல. பிள்ளையோ எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து எழுதி, அடியிலே "நன்றி: கூகிள்" என்று முடித்துவிடுகிறது.

அன்பர்களே, கூகிள் வழிகாட்டுமே அன்றி, அந்தச் செய்தியைச் சொன்னது அதுவன்று. இணையம் ஒரு நூலுமன்று. பெரியதொரு நூலகம் போன்றது. "நூலகத்தில் படித்தேன்" என்றால் எந்த நூலென்று யார் அறிவார்?

இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று சிலர் கருதுவர். அன்று. நூல்களை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று வகுத்துக் காட்டியது பவணந்தியாரின் நன்னூல். முத்தொள்ளாயிரம் என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நம் கையில் இருப்பவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே. அவையும் எவ்வாறு தப்பின? புறத்திரட்டு என்னும் தொகை நூலைத் தொகுத்தவர் பாடலை எடுத்ததோடு நில்லாமல், இது இன்ன நூலைச் சார்ந்தது என்று பெயரையும் குறித்து வைத்தார். பெயரை விட்டிருந்தால் பாடல் இருந்தும் நூல் மறைந்திருக்கும். சான்று குறித்தலின் பயன் இத்தகையது.

இனி, குறிக்க வேண்டியவை எவை? எழுதியவர் அல்லது வெளியிட்ட நிறுவனத்தின் பெயர், கட்டுரையின் தலைப்பு, இணையத்தளத்தின் பெயர், வெளிவந்த திகதி, இணைய முகவரி, நாம் பார்த்த நாள் ஆகிய ஆறும் வேண்டும். எழுதியவர் பெயரோ திகதியோ பக்கத்தில் இல்லையெனில், இல்லை என்றே குறிக்க வேண்டும். நாமாக இட்டு நிரப்பலாகாது. பார்த்த நாள் எதற்கு என்று கேட்பீர்கள். அச்சிட்ட நூல் மாறாது. இணையப் பக்கமோ இன்று ஒருவிதம், நாளை ஒருவிதம். சில வேளை அடியோடு மறைந்தும் போகும்.

நம் மாவட்டத்தின் சனத்தொகையையே எடுத்துக்கொள்வோம். 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 7 இலட்சத்து 62 ஆயிரம். அதன்பின் 2024 இலும் கணக்கெடுப்பு நடந்தது. ஆண்டையும் தொகைமதிப்புத் திணைக்களத்தின் பெயரையும் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதினால் அந்த எண்ணால் என்ன பயன்?

இதனினும் முக்கியமான விதி ஒன்று உண்டு. கண்டதை மட்டுமே கண்டதாகச் சொல்ல வேண்டும். 1807 இல் நம் கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள் 1834 இல் இலங்கை ஊர்களைப் பற்றிய "சிலோன் கசற்றியர்" என்ற நூலையும், 1859 இல் புலவர் வரலாறான "தமிழ் புளூட்டாக்" என்ற நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் கூற்று ஒன்றை விக்கிப்பீடியாவிலே படித்துவிட்டு, அவர் நூலையே புரட்டியதுபோல் எழுதுவது முறையன்று. "காசிச்செட்டி இவ்வாறு கூறியதாக விக்கிப்பீடியா தெரிவிக்கிறது" என்பதே நேர்மை. தமிழ் புளூட்டாக் 1946 இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு மீண்டும் வெளிவந்தது. எந்தப் பதிப்பு என்று சொல்லாவிடின், 1946 இன் குறிப்பை 1859 இன் வார்த்தையென்று மயங்க நேரும்.

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. யாரும் திருத்தக்கூடிய இடம் அது. ஆதலின் அதனை வாசலாகக் கொள்க. பக்கத்தின் அடியிலே உள்ள சான்றுகளைப் பிடித்து உள்ளே செல்க. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அங்கே படித்தால் நூலின் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை முதலிலும், படித்த தளத்தைப் பின்னரும் குறிக்க வேண்டும். பத்துத் தளங்கள் ஒன்றையே சொல்வதால் பத்துச் சாட்சிகள் ஆகிவிடா. ஒன்றைப் பார்த்து ஒன்பதும் எழுதியிருக்கலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கேட்ட கேள்விக்கு விடையும் தரும். சான்று கேட்டால் இல்லாத நூலின் பெயரையும் தயங்காமல் தரும். 2023 இல் நியூயோர்க் நகரிலே வழக்கறிஞர் இருவர் சற்ஜிபிடி தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினர். அத்தகைய தீர்ப்புகளே இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. அவர்களுக்கும் அவர்தம் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. கற்றறிந்த வழக்கறிஞர்க்கே இக்கதியெனின், ஒப்படை எழுதும் பிள்ளை எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்! தேடிப் பிடித்துக் கண்ணாற் காணாத நூலைக் கட்டுரையில் குறிக்கவே கூடாது.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கட்டுரை அழகாயிருக்கிறது என்று மகிழும்போதே, "இதை எங்கே கண்டாய்?" என்றும் அன்போடு கேளுங்கள். இணையத்தில் ஏறாத செய்திகள் உங்கள் நெஞ்சிலே நிறைய உண்டு. உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு முன்னாளில் எவ்வாறு நடந்தது, கரைவலைத் தொழில் எவ்வாறு இருந்தது என்பவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இளைஞர்களே, கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் அவர்தம் ஊரையும் கேட்ட நாளையும், அவர் சம்மதத்தோடு, மறவாமற் குறியுங்கள். நூறு ஆண்டு கழித்து நம் ஊரைப் பற்றித் தேடும் ஒருவர்க்கு அந்தக் கட்டுரையே முதல் நூலாக நிற்கக்கூடும்.

பிறர் உழைப்பை அவர் பெயரோடு சொல்லுவோம். நாம் அறிந்ததை அறிந்த அளவிலே சொல்லுவோம். அதுவே கல்விக்கு அழகு.